கள்ளிமுளையான் களவு

நாட்டுச் செடிகளைக் காப்பாற்ற எங்கள் மாவட்டத்தில் தொடங்கிய சங்கத்திலிருந்து, செடி திருடிய குற்றத்துக்காக நீக்கப்பட்ட முதல் ஆள் நான்தான். சங்கத்துக்கு அப்போது முதல் பிறந்தநாள்கூட வந்திருக்கவில்லை. மொத்தமே நாலு பேர் இருந்த சங்கம். அதில் ஒருத்தியை வெளியே தள்ளிவிட்டு, மிச்ச மூன்று பேரும் பெரிய களை ஒன்றைப் பிடுங்கிவிட்ட மாதிரி கையைத் தட்டிக்கொண்டார்கள்.

அந்த நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம், கம்பியில் கிளை உரசுகிறது என்று மரங்களை வெட்டித் தள்ள உத்தரவு போட்டவர். ஓய்வு பெற்ற கையோடு அவருக்கு மரங்கள் மேல் இரக்கம் பொங்கிவிட்டது. சர்ச் கமிட்டியிலும் இருக்கிறார். அதனால் எங்கள் கூட்டங்கள் ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடியும், நடுவில் சண்டை நடக்கும். செயலாளர் அஞ்சுகிராமத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமம் இல்லாமல் கடை திறக்கமாட்டார். ஊருக்கு வெளியே பாறையை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் தரிசு கிடந்தது. முள்ளும் கல்லுமான அந்த இடத்தை வாங்க ஒரு மனுஷனும் வராததால், சங்கத்துக்கென்று பெரிய மனதோடு ஒதுக்கித் தந்தார். மூன்றாவது ஆள் தேங்காய்ப்பட்டணத்துத் தம்பி. வளைகுடாவில் பல வருஷம் தோட்ட வேலை பார்த்துவிட்டு வந்தவன். பாலைவனத்தில் புல் வளர்த்தவன் என்பதால் எங்களுக்குள் அவன்தான் தாவர நிபுணன். சொந்தமாக ஒரு புல்வெட்டும் இயந்திரம் வேறு வைத்திருந்தான்.

நாலாவது நான். இரணியல் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தையல்கடை வைத்திருக்கிறேன். கை இறுக்கம், கழுத்து இறக்கம், சொன்ன நாளில் தரவில்லை என்று நாள் முழுக்க வசவு வாங்குகிறவளுக்கு, வாய் பேசாத எதையாவது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க ஆசை வராதா? அதற்காகத்தான் சேர்ந்தேன். செடிக்கு வாய் இல்லை, சரி. சங்கத்துக்கு இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் களப்பயணம். தலைவர் ஆராதனை முடித்து, சாப்பிட்டு, சட்டை மாற்றித்தான் வருவார். ஆகவே செடி தேடுவதெல்லாம் உச்சி வெயிலில். காடுமேடாய் நாலு பேர் குடை பிடித்துக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்து நடந்தால் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? "பிளாட்டு பாக்க வந்தியளா? இங்க தண்ணி உப்பாக்கும், சொல்லிட்டேன்" என்று ஒருவர் எச்சரித்தார். செடி பார்க்க வந்தோம் என்றதும் அவர் முகத்தில் வந்த பரிதாபத்தை இன்னும் மறக்கமுடியவில்லை.

கள்ளிமுளையானைக் கண்டுபிடித்தது நான்தான். எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தலைவர் மேடைக்கு மேடை அதைத் திரித்துச் சொல்லிவருகிறார். அந்த மூன்று ஆண்களுக்கும் வழியில் நிற்கிற எந்தப் பனைமரமும் போதும். எனக்கு அப்படியா? அண்ணாச்சியின் தரிசில், ஆள் மறைகிற உயரத்துக்கு ஒரு சூரைப் புதர்தான் இருந்தது. அதன் பின்னால் போய் உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேரே, புதரின் நிழலுக்குள், விரல் கனத்தில், நாலு பட்டையாய், ஒரு இலைகூட இல்லாமல் பச்சையாய் ஒன்று நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் அதன் கூட்டம். நுனியில் கறுஞ்சிவப்பாய்ச் சின்னப் பூக்கள். மூக்கைக் கொண்டுபோனால் லேசாய் ஒரு கெட்ட வாடை. ஈக்கள் மட்டும் சந்தோஷமாய் இருந்தன.

வந்த வேலையை மறந்து, "ஏ, எல்லாரும் இங்க வாங்க!" என்று கத்திவிட்டேன். பிறகுதான் நினைவு வந்து, "வராதீங்க, வராதீங்க!" என்றும் கத்தினேன்.

தலைவரின் செல்போன் ஆப் முதலில் அதை வெண்டைக்காய் என்றது. அண்ணாச்சிதான் குனிந்து பார்த்துவிட்டு, "அட, நம்ம கள்ளிமுளையான்லா! சின்னப் புள்ளையில நாங்க ஒடிச்சு ஒடிச்சுத் தின்னுருக்கோமே" என்றார்.

"அப்படித் தின்னதுனாலதான் இப்பக் காணல்ல" என்றேன்.

நியாயமாய்ப் பார்த்தால் அண்ணாச்சியின் வாய் மட்டும் காரணமில்லை. அந்தப் பக்கம் முன்பு புதருக்குப் புதர் இது கிடந்ததாம். புதர்கள் பிளாட்டாகிப் போனதும் இதுவும் போய்விட்டது. வேறெங்கும் இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். மாசக்கணக்காய் அலைந்த எங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரே கூட்டம்தான். அழகில்லை, வாசம் இல்லை, இலைகூட இல்லை, ஆனாலும் அந்த வெயிலில் ஒரு திமிரோடு நின்றதே, எனக்கு அதை அவ்வளவு பிடித்துவிட்டது. இது போய்விடக்கூடாது என்று அன்றைக்கே மனசில் ஏறிக்கொண்டது.

அடுத்த வாரமே தலைவர் ஒரு போர்டு வைத்தார். அண்ணாச்சி கடைச் சிவப்புப் பெயிண்டில், 'இங்கே ஒரு இலையைக்கூடப் பறிக்கக்கூடாது' என்று எழுதியிருந்தது. காப்பாற்றப்பட வேண்டிய செடிக்கு இலையே கிடையாது என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும், கல்யாணமோ சாவுத் துட்டியோ, முற்றத்தில் நல்லதாய் ஒரு செடி நின்றால் நாங்கள் கேட்கமாட்டோம். கேட்டு வாங்கின கம்பு பிடிக்காது. களவாண்டு வைத்தால்தான் பிடிக்கும். ஆகவே பேசிக்கொண்டே ஒடித்து முந்தானைக்குள் வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரி பார்த்தாலும் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள், அடுத்த மாசம் அவள் நம் வீட்டுக்கு வரும்போது நாமும் அப்படியே திரும்பிக்கொள்ளவேண்டும். நன்றி மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் செடி அன்றைக்கே வாடும். என் வீட்டைச் சுற்றி நிற்கிற குரோட்டன்ஸ், நந்தியாவட்டை, செம்பருத்தி எதுவும் நேர்வழியில் வந்ததில்லை. பைபிள் உறைக்குள் வைத்துச் செடி கடத்தின சபையார்களையும் எனக்குத் தெரியும். தலைவரின் சம்சாரம் அதில் ஒருத்தி.

இப்படி வளர்ந்த கைக்குப் போர்டு எம்மாத்திரம்? ஒரு ஞாயிறு, மற்றவர்கள் பாறையில் ஏறிக்கொண்டிருக்கையில், கத்தரிக்கோலால் ஒரு துண்டை நறுக்கிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டேன். ஒரே இடத்தில் ஒரே கூட்டம். நாளைக்கு ஒரு ஆடு வந்து மேய்ந்தால் போச்சு. இன்னொரு இடத்திலும் இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். வழக்கமான ஆசையும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று யார் சொன்னார்கள்?

பயணம் முடிந்து அண்ணாச்சி கடையில் டீயும் உளுந்து வடையும் வந்தன. வேர்வை துடைக்கக் கைக்குட்டையை உதறினேன். கள்ளிமுளையான் நேரே வடைத் தட்டில் போய் விழுந்தது.

தம்பி மெல்ல, "அக்கா, இது பச்சமிளகா இல்லல்லா?" என்றான்.

"தங்கச்சி, இது நம்ம சங்கத்துக்க செடியல்லவா?" என்றார் தலைவர். குரலில் இடி.

"ஒரு துண்டுதானே சாரே. வச்சுப் பிடிப்பிச்சா நல்லதுதானே. கேட்டா நீங்க தருவியளா?"

"தரமாட்டோம்!"

"அதான் கேக்கல்ல."

செடியைக் காக்கிறவர்களே செடியைப் பறித்தால் உலகம் என்னவாகும் என்று அவர் ஒரு சிறு பிரசங்கம் செய்தார். மரம் வெட்ட அவர் போட்ட உத்தரவுகளை நான் நினைவுபடுத்தினேன். அது அவ்வளவு நல்ல யோசனை இல்லை என்று அவர் காது சிவந்தபோது தெரிந்தது. டீயை நான் குடித்து முடிப்பதற்குள் என் செல்போன் சிணுங்கியது. எதிரே உட்கார்ந்துகொண்டே என்னை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார் மனுஷன். நான் எழுந்தேன், தட்டிலிருந்து என் செடியை எடுத்தேன், ஒரு வடையையும் எடுத்தேன், பஸ் ஏறி வந்துவிட்டேன். எரிச்சல் என்றால் அப்படி எரிச்சல். தக்கலை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

களவாண்டது பிடித்துக்கொண்டது. பெயிண்ட் டப்பாவில் ஓட்டை போட்டு, மணலும் ஓட்டுச் சில்லும் கலந்து, கூரை விளிம்புக்கு அடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு முளை வந்தது, பிறகு இன்னொன்று. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது எப்ப இலை விடும்?" என்றார். அவரும் சங்கத்தில் சேரத் தகுதியானவர்தான்.

சங்கத்துக்கு ஒரு தொடக்க விழா வேண்டும் என்று அவர்களுக்குள் முடிவாயிற்று. செடி அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தால் போதாது, ஒரு அதிகாரி வந்து திறந்துவைத்தால்தான் வளர்ந்ததாக அர்த்தம். அண்ணாச்சி எனக்கு மட்டும் போன் செய்து, "யம்மா, நீ தூரமா நின்னாவது பாரு" என்றார். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போய் இறங்கியதும் எனக்கு இடமே பிடிபடவில்லை. வாலிபால் ஆடலாம், அவ்வளவு சுத்தம். பந்தல், நாற்காலி, ஸ்பீக்கர், கேசரி மணம். பெரிய பேனர் ஒன்றில் கள்ளிமுளையான் ஆள் உயரத்துக்குப் பூத்து நின்றது. நான் சூரைப் புதரைத் தேடினேன். புதர் இல்லை. அது இருந்த இடத்தில் மேடை இருந்தது.

நடந்ததைப் பிறகு அண்ணாச்சி சொன்னார். நம் ஊரில் விருந்தாளி வருகிறார் என்றால் முதலில் என்ன செய்வோம்? செத்தையைத் தூத்து, முள்ளை வெட்டி, இடத்தைத் துப்புரவாக்குவோம். அதைத்தான் செய்திருக்கிறார்கள். அண்ணாச்சி கவனமாய்ச் செடியைச் சுற்றி வெள்ளையடித்த கற்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பின்னால் வந்த தம்பி, கற்கள் பந்தல் அலங்காரத்துக்கு என்று நினைத்து, அவற்றை எடுத்து அதிகாரி நடக்கும் பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாய் அடுக்கிவிட்டு இயந்திரத்தைக் கிளப்பியிருக்கிறான். மிச்சத்தை ஜேசிபி வந்து நிரவிவிட்டது. அள்ளின குப்பைக்குத் தீயும் வைத்தாயிற்று. தலைவர் பேச்சு தயாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சில் 'தீவிரமான கள ஆய்வின்போது உறுப்பினர் ஒருவர் கண்டெடுத்த' என்று என்னைப் பற்றியும் ஒரு வரி வந்தது. கேட்டுவிட்டு அந்த அதிகாரி நல்ல மனதோடு கேட்டார், "எங்க சார் அந்தச் செடி? காட்டுங்களேன்."

தலைவர் திரும்பினார். புதரைத் தேடினார். தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி வெள்ளைக் கற்களைப் பார்த்தார். கடைசியில் தலைவர் கையைத் தூக்கி, மெதுவாய், பேனரைக் காட்டினார்.

சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. அழுதேன். பந்தலுக்கு வெளியே, குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதேன். பாவிகள், சவத்தெளவுகள், வெட்டினார்களே, வேரோடு வெட்டினார்களே என்று ஆறவே இல்லை. என்னிடம் ஒன்று இருப்பதை அங்கே யாருக்கும் சொல்லாமல் வந்துவிட்டேன். அதுவரை அந்த டப்பா எனக்குத் திருட்டுச் செடி. பஸ்ஸில் வரும்போதுதான் பயம் பிடித்தது. கறிவேப்பிலையைக்கூட ஒழுங்காய் வளர்க்கத் தெரியாத என் கையிலா இனி அது இருக்கிறது?

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் தம்பியின் காரில் என் வீட்டில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். உட்கார்ந்ததும் தலைவர் சுவரைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, அந்த ஒரு துண்டு..." என்றார்.

"எந்தத் துண்டு? வடைத் தட்டுல கெடந்ததா?"

"அதுதான்."

"அது களவு முதலாக்கும் சாரே. அதைப் போய் நீங்க தொடலாமா?"

தம்பி சிரித்துவிட்டான். "ஏலே, நீ சிரிக்காத, வெட்டினது நீ" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதக்கா. கல்ஃபுல எல்லாம் துப்புரவா வச்சாத்தான் தோட்டம்னு சொல்லுவாவ" என்றான். அவன் மேல் இருந்த கோபம் அதோடு போயிற்று. தலைவர் மேல் இருந்தது போகவில்லை.

"தாங்க, தங்கச்சி. கேட்டுத்தானே வந்திருக்கோம்" என்றார்.

"கேட்டுத் தந்தா பிடிக்காது. அதுக்கு ஒரு முறை இருக்கு. உங்க சம்சாரத்துட்ட கேளுங்க."

அவருக்கு விளங்கிவிட்டது. முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! "நான் சபையில உள்ளவனாக்கும். களவு செய்யாதிருப்பாயாகன்னு கட்டளை இருக்கு" என்றார்.

"மோசேக்குச் செடி வளத்துப் பழக்கம் இருக்காது" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனேன்.

அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை பாதி, அவரைப் பழிவாங்கும் ஆசை பாதி. மறைக்கவில்லை. அடுக்களையில் நின்று பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டினேன். டம்ளர்களைக் கழுவினேன், திரும்பவும் கழுவினேன். புறவாசல் பக்கமிருந்து குசுகுசுப்பு கேட்டது. "நீங்க எடுங்க அண்ணாச்சி." "ஐயோ, நா மாட்டேன். அய்யா பாப்பாரு." "மக்கா, நீ எடு." "என் கையால வேண்டாம் சாரே. நான் ஒருக்கா அழிச்சவன்." பிறகு ஜெபம் போல என்னவோ முணுமுணுப்பு. மன்னிப்பை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார்.

நாலு தரம் இருமிவிட்டு டீயோடு வந்தேன். மூன்று பேரும் பழைய இடத்தில் பழைய மாதிரியே இருந்தார்கள். தலைவரின் வலது கை மட்டும் சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தது. இடது கையால் டீ குடித்தார். விரலிடுக்கில் பச்சை நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. நான் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் ஏறும்போது, "ரொம்ப நன்..." என்று தொடங்கினார்.

"வாய மூடுங்க சாரே!" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

டப்பாவைப் போய்ப் பார்த்தேன். என்ஜினியர் அல்லவா, நல்ல கணுவாய்ப் பார்த்து, சுத்தமாய் வெட்டியிருந்தார்.

குழுவில் என்னைத் திரும்பச் சேர்க்கவில்லை. மறந்திருப்பார், இல்லாவிட்டால் வெட்கமாய் இருந்திருக்கும். நானாய்க் கேட்கமாட்டேன். ஆகவே அவர்கள் கொண்டுபோனது பிடித்ததா இல்லையா என்றே தெரியாமல் இருந்தேன். ஐப்பசி வந்தது. அஞ்சுகிராமத்துக்காரர்கள் மழை மழை என்று வானத்தைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கம் அப்படியில்லை, பிடித்தால் விடாது. அந்த வருஷம் துவைத்த துணி காயாமல் வீடே நாறியது. டப்பாவை உள்ளே எடுத்து வைத்தேன். வெயில் இல்லை. வெளியே வைத்தேன். சாரல் அடித்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் அடித்தண்டு மஞ்சளாய், கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. தொட்டேன். கூழாய் விரலில் ஒட்டியது. மேலே நல்லதாய் நின்ற துண்டை வெட்டி வைத்துப் பார்த்தேன், அதுவும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வெட்டி அழித்தார்கள், நான் பார்த்துப் பார்த்து அழித்தேன். அந்தக் கடன்காரத் தலைவருக்கு ஒரு போன் செய்ய மனசு வரவில்லை.

மழை விட்ட ஒரு நாளில் பஸ் ஏறினேன். கைப்பைக்குள் பிச்சாத்தி இருந்தது, காய் நறுக்குகிற சின்னக் கத்தி. இருக்கிறதா என்று பார்க்க மட்டும் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தரிசில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடைக்கு அடியில், தலைவர் தனியாய் உட்கார்ந்திருந்தார். வாலிபால் மைதானத்தில் புல்லும் முள்ளும் திரும்ப ஏறிக்கொண்டிருந்தன, யாரும் தொடவில்லை. பாறை ஓரத்தில் முள்கிளைகளை வெட்டி வந்து குவித்திருந்தார்கள். அதன் நிழலுக்குள், என் டப்பாவில் நின்றதைவிடத் தடியாய், கூட்டமாய், பச்சையாய் நின்றது. ஒரு நுனியில் பூ. ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. சிவப்புப் போர்டும் அப்படியே இருந்தது.

தலைவர் வாங்க என்றார். நாற்காலியைத் தந்தார், நான் உட்காரவில்லை, அவரே திரும்ப உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல மழை எப்படி?" என்றார்.

"நல்ல மழ சாரே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். "தங்கச்சி, நான் அந்தப் பாறைக்க பொறத்தால போய் ஒரு பாட்டு படிச்சிட்டு வாறேன். சர்ச்சுல அடுத்த வாரம் பாடணும்" என்றார். போனார். பாறைக்குப் பின்னாலிருந்து ஞானப்பாட்டு கிளம்பியது. அப்படி ஒரு கட்டைத் தொண்டையை நான் கேட்டதில்லை. காக்காய்கள் எழுந்து பறந்தன. தான் எங்கே நிற்கிறார், இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அத்தனை சத்தம்.

பிச்சாத்தியை எடுத்தேன். எத்தனையோ வீட்டு முற்றத்தில் யோசிக்காமல் ஒடித்தவள், அன்றைக்குக் கத்தியைத் தண்டில் வைத்தேன், எடுத்தேன். திரும்பக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டால்? எந்தக் கணு, எந்த இடம் என்று பார்த்துப் பார்த்து, வெட்டாமலே குந்தியிருந்தேன். பாட்டு முடிந்துவிட்டது. அவர் வந்துவிடுவார் என்று கத்தியை மறைத்தேன்.

வரவில்லை. பெரிதாய் ஒரு இருமல் இருமிவிட்டு, அதே பாட்டை முதல் சரணத்திலிருந்து மறுபடி தொடங்கினார். நான் வெட்டினேன்.